38,500 ரூபா போச்சு, வீடு எரியாம தப்பிச்சது. சோலார் வயரிங் பண்றவங்க தயவுசெஞ்சு படிங்க

கை இன்னும் நடுங்குது, முந்தாநாள் ராத்திரி நடந்தது. 5 கிலோவாட் இன்வெர்ட்டரும் 48 வோல்ட் பேட்டரியும் நானே வாங்கி வச்சிருந்தேன், வயரிங்குக்கு மட்டும் ரீல்ஸ்ல விளம்பரம் போடுற ஒரு சோலார் கடைய புடிச்சேன். கேபிள், பிரேக்கர் (கரண்ட் அதிகமானா தானா விழுற சுவிட்ச்), பாக்ஸ், கூலி எல்லாம் சேர்த்து 38,500, முழுசும் ஜிபே-ல போட்டுட்டேன்.

வேலை முடியுற நேரத்துல பேட்டரிக்குப் போற ஒயரைப் பார்த்துட்டு, "தம்பி இது பத்துமா, மெலிசா தெரியுதே"ன்னு கேட்டேன். அந்தப் பையன் அம்மா குடுத்த காப்பிய கையில வச்சுக்கிட்டே, "அண்ணே, 125 ஆம்ப்ஸ் பிரேக்கர் போட்டிருக்கேன், பிரேக்கர் பெருசா இருந்தா எதுவும் ஆகாது, நம்ம வீடு மாதிரி பாத்துதான் செஞ்சிருக்கேன்"னான். அந்த ஒரு வார்த்தைய நம்பிட்டேன்.

முந்தாநாள் கரண்ட் கட். ஏசி, மோட்டார், இண்டக்‌ஷன் அடுப்பு மூணும் ஓடுது. "என்னடா டயர் எரியுற நாத்தம்"னு அம்மா கத்துனாங்க. ஓடிப்போய்ப் பார்த்தா, இன்வெர்ட்டர் கிட்ட சிவப்பு ஒயரோட தோல் உருகி சொட்டுது, ஒயர் நுனியில மாட்டுற லக் கருகிப் போச்சு, பிரேக்கர் மட்டும் அப்படியே ஆன்ல நிக்குது! துண்டைச் சுத்திக்கிட்டு ஆஃப் பண்ணேன், உள்ள டர்ர்ருனு ஒரு சத்தம், நீலமா ஒரு வெளிச்சம், அதோட பிரேக்கரும் போச்சு.

மறுநாள் எங்க தெரு எலக்ட்ரீஷியன் மாமா வந்து ஒயர்ல அச்சடிச்சிருக்கிறத படிச்சாரு, தடிமன் 16 ஸ்கொயர் எம்எம். கடைக்காரங்க துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்தது 35! 5000 வாட்ட 48-ஆல வகுத்தாலே 104 ஆம்ப்ஸ் வருதுடா, அந்த ஒயரு 80 தாங்குனா பெருசு, 125 பிரேக்கருக்கு 100 எல்லாம் சாதாரணம், அது எப்படி விழும்னு கேட்டாரு. அதுவும் வீட்டு மெயின் கரண்டுக்குப் போடுற ஏசி பிரேக்கராம், பேட்டரியோட டிசி லைன்ல மாட்டி வச்சிருக்கான்.

கடைக்கு போன் போட்டா "ஓனர் வெளியூர்ல இருக்காரு". சாயங்காலம் "ஆள் அனுப்புறோம் சார்". அடுத்த நாள் "நீங்க ஓவர்லோடு போட்டீங்க, அதுக்கு நாங்க என்ன பண்றது". வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புனேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, அப்புறம் பிளாக். 38,500 ரூபாய்க்கு இதுதான் மரியாதை. இன்வெர்ட்டர் கம்பெனிக்காரனும் டெர்மினல் உருகுனது வயரிங் தப்பு, வாரண்டில வராதுன்னுட்டான்.

இன்னும் நிறைய எழுதணும்னு நினைச்சேன், இப்ப முடியல, முக்கியமானத மட்டும் சொல்றேன். பிரேக்கர் இருக்கிறது ஒயரக் காப்பாத்தத்தான், அதனால ஒயர் தாங்குற ஆம்ப்ஸ விட பிரேக்கர் நம்பர் எப்பவும் கம்மியா இருக்கணும், பெருசா போட்டா சேஃப்டின்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. பேனல், பேட்டரி பக்கம் டிசின்னு போட்ட பிரேக்கர்தான் மாட்டணும், டிசி கரண்ட் ஏசி மாதிரி நடுவுல ஜீரோவுக்கே வராது, ஆஃப் ஆகும்போது உள்ள வர்ற பொறிய ஏசி பிரேக்கரால அணைக்க முடியாது. ஒயர்ல இருக்கிற அச்ச நீங்களே படிங்க. முழு லோடு போட்டு ஒரு மணி நேரம் ஓட்டி, ஒயர் சுடுதான்னு பார்த்துட்டு மிச்சப் பணத்தக் குடுங்க. ஜிஎஸ்டி பில் வாங்காம விடாதீங்க.

இன்னைக்கு காலைல 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போன் போட்டேன். பில் நம்பர் கேட்டாங்க. என்கிட்ட அந்தத் துண்டுச்சீட்டும் 38,500-க்கான ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும்தான் இருக்கு.