டி.எம்.எஸ். தட்டுகளுக்கு எந்த ஏடு: ஆண்டு வரிசையா, பட வரிசையா, எண் வரிசையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், டொங்காட் தமிழ் வீடுகளில் பாடகர் டி.எம்.சௌந்தரராஜனின் (டி.எம்.எஸ்.) இசைத்தட்டுகள் இன்னும் பெட்டிகளில் கிடக்கின்றன. 2013 மே 25-இல் அவர் மறைந்ததோடு அந்தக் குரலின் கணக்கு முடிந்துவிட்டது. இனி வருவன மறுபதிப்பும் தொகுப்பும்தான். முடிந்த கணக்கை முழுதாக எழுதி வைக்க முடியும் என்பதால்தான் பலரும் தங்கள் தட்டுகளைப் பட்டியலிட ஏடு போட உட்காருகிறார்கள். எந்த வரிசையில் எழுதுவது என்பதை முதலில் முடிவு செய்யாவிட்டால், பாதி வழியில் முழுவதையும் மறுபடி எழுத நேரும்.

பெரும்பாலானோர் முதலில் தேர்வது ஆண்டேடு. கடையில் கிடைக்கும் 288 பக்க ஏ4 கவுண்டர் புக் (கெட்டி அட்டை கட்டிய நோட்டு) ஒன்று வாங்கி, 1950 முதல் 2013 வரை 64 ஆண்டுகளுக்கும் தலா 4 பக்கம் ஒதுக்கினால் 256 பக்கம் போகும், 32 மிஞ்சும். பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் அவருடைய பாட்டு ஆண்டுக்குச் சமமாகப் பிரிந்து வரவில்லை. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் ஓய்வில்லாமல் பாடிய 1960-களின் பக்கங்கள் சீக்கிரமே நிரம்பி, கடைசி 32 பக்கங்களுக்குத் தாவும். பிற்காலப் பக்கங்கள் வெறுமையாகவே நிற்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், எந்த ஆண்டைப் போடுவது என்பது. அவர் முதலில் பாடிய ‘கிருஷ்ண விஜயம்’ பாட்டு 1946-இல் பதிவானது. படம் வந்ததோ 1950-இல். தட்டு எந்த ஏட்டுப் பக்கத்துக்குப் போகும்? நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகளின் (78-கள்) லேபிளில் பெரும்பாலும் ஆண்டே இருக்காது. வட்டத்துக்குள் ‘பி’ (℗) எழுதி வெளியீட்டு ஆண்டைக் குறிக்கும் வழக்கம், ஒலிப்பதிவுகளின் உரிமையைக் காக்கும் 1971-இன் ஜெனீவா ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் பரவியது. டர்பனுக்குத் தனியாக இன்னொரு குழப்பமும் உண்டு. இந்தியா 1946-இலேயே தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்திவிட்டது. அதனால் ‘டம்டம்’ (கல்கத்தா அருகே தட்டு ஆலை இருந்த இடம்) என்று அச்சான தட்டு இங்கே வந்து சேர்ந்த காலத்தை வைத்து வெளியீட்டு ஆண்டை ஊகிக்க முடியாது. டர்பனின் பழைய கிரே தெருக் கடை முத்திரை உறையில் இருந்தால், அது விற்பனையானதற்குச் சாட்சி, வெளியானதற்கு அல்ல.

பட வரிசை எளிது. ‘தூக்குத் தூக்கி’ வேண்டுமா, ‘த’ பக்கத்தைப் புரட்டினால் போதும். வீட்டில் யாரும் ஒரு பாட்டைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது படப்பெயர்தான். டி.எம்.எஸ். தாமே நடித்த ‘பட்டினத்தார்’ (1962), ‘அருணகிரிநாதர்’ (1964) போன்றவையும் சிரமமில்லாமல் இடம்பிடிக்கும். ஆனால் தைப்பூசக் காவடியின்போது நம் வீடுகளில் ஒலிக்கும் முருகன் பாட்டுகளுக்குப் படமே கிடையாது. அவற்றை ‘பக்தி’ என்ற ஒரே தலைப்பில் கொட்டினால் அந்தப் பகுதி மட்டும் பொதியாகிவிடும். தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு அந்தப் பகுதிதான் உயிர். அதனால் பட வரிசையை முதன்மை ஏடாக வைப்பதை நாம் ஏற்கவில்லை. பின்னால் ஓர் அகரவரிசைக் குறிப்பாக இருக்கட்டும்.

மூன்றாவது, தட்டு எண் வரிசை. எச்.எம்.வி. நிறுவனத்தின் 78-களில் ‘என்’, கொலம்பியா 78-களில் ‘ஜிஇ’, சில பாட்டுகளே கொண்ட சிறிய இ.பி.களில் ‘7இபிஇ’, பெரிய நெடுந்தட்டுகளான எல்.பி.களில் ‘இசிஎல்பி’, ஸ்டீரியோ எல்.பி.யில் ‘இசிஎஸ்டி’ என முன்னெழுத்துகள் வரும். எண் லேபிளிலேயே இருக்கிறது, ஊகிக்கத் தேவையில்லை. ஒரே முன்னெழுத்துக்குள் எண் ஏறுவது ஏறத்தாழக் காலத்தையும் காட்டும். வேறு முன்னெழுத்தோடு ஒப்பிட்டால் காட்டாது. குறை ஒன்று உண்டு: மறுபதிப்பும் அதே எண்ணைச் சுமக்கும். ஆகவே பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு இடையில் உள்ள வெற்றுப் பகுதியில் பொறித்த எண்ணையும் எழுதுங்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அது தெரியும். லேபிளின் நிறத்தையும் சேர்த்துக் குறித்தால் இரண்டு பதிப்புகளைப் பிரித்தறியலாம்.

எனவே எண் வரிசையே எலும்பு, ஆண்டு அதன்மேல் சதை. ஒரு தட்டுக்கு ஒரு பதிவெண் கொடுங்கள். அதன் கீழே பக்கம் அ, பக்கம் ஆ என்று பாட்டுகளை எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு கட்டம் போதாது, மூன்று வேண்டும்: பதிவான ஆண்டு, படம் வந்த ஆண்டு, தட்டு வந்த ஆண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆதாரத்தை ஒரெழுத்தில் குறியுங்கள்: லேபிள் என்றால் ‘லே’, உறை என்றால் ‘உ’, ஊகம் என்றால் ‘ஊ’. ஊகத்தைப் பென்சிலில் மட்டும் எழுதுங்கள்.

பெயர்தான் அடுத்து வழுக்கும் இடம். ஆங்கில எழுத்தில் சௌந்தரராஜன், சௌந்தர்ராஜன், டி.எம்.எஸ். என்று பல விதமாக அச்சாகியிருக்கும். லேபிளில் உள்ளபடி ஒரு கட்டத்தில் எழுதுங்கள், மற்றொன்றில் எப்போதும் ஒரே வடிவம். தமிழ் வாசிக்காத பேரப்பிள்ளைகளுக்காகப் பாட்டின் முதல் அடியை ஆங்கில எழுத்திலும் சேர்ப்பது இங்கே அவசியம்.

கவுண்டர் புக்கா, கணினி அட்டவணையா? கட்டிய நோட்டில் நடுவே வரி செருக முடியாது, எண் வரிசைக்கு அது ஆகாது. அட்டவணையில் செருகலாம். ஆனால் அது ‘3-64’ போன்றதைத் தேதியாக மாற்றிவிடும், முன்னால் நிற்கும் பூச்சியத்தை விழுங்கிவிடும். எழுதத் தொடங்குமுன் எண் கட்டம் முழுவதையும் ‘உரை’ வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு செய்தால் போன பூச்சியம் திரும்பாது.

பட்டியலுக்காகத் தட்டைத் துடைக்கும்போது 78-இல் சாராயம் கலந்த எந்தத் திரவமும் படக்கூடாது. அது அரக்கைக் கரைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணி போதும். லேபிளை நனைக்காதீர்கள், நீங்கள் எழுத வேண்டிய எண் அங்கேதான் இருக்கிறது.

அட்டவணையை ஆண்டுக்கு ஒருமுறை அச்சிட்டு லீவர் ஆர்ச் கோப்பில் கோத்துவையுங்கள். தைப்பூசத்தையொட்டிய மாதங்களில் டர்பன் ஈரத்தில் தாள் பூசணம் பிடிக்கும். அந்த மாதங்களில் கோப்பு கடற்பக்கச் சுவரை ஒட்டிய அலமாரியில் இருக்க வேண்டாம்.