ஸ்ப்ளெண்டரா, ஷைனா? ஒரு பெங்களூருக்காரரின் கணக்கு

அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வருகிறேன். புது வண்டிக்கு இரண்டுதான் மனதில் நின்றன: ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ், ஹோண்டா ஷைன் 125.

வழியில் வரும் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலுக்கு ஸ்ப்ளெண்டர்தான். 97.2 சிசி, 4 கியர், 112 கிலோ. ஊர்ந்து ஊர்ந்து போனாலும் கை வலிக்காது. எந்தத் தெரு மெக்கானிக்குக்கும் அத்துப்படியான இன்ஜின். வாரநாள் மட்டும் ஓட்டுபவர்கள் வேறெதையும் பார்க்க வேண்டாம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே! விடியற்காலையில் நந்தி மலைக்குக் கிளம்பினால் ஒரு வழிக்கே சுமார் 60 கிலோமீட்டர். உச்சி 1,478 மீட்டர். பின்னால் மனைவியும் இருந்தால், வளைவேறும்போது ஸ்ப்ளெண்டரின் 8 குதிரைத்திறன் திணறும். முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் மாறி மாறி மிதிக்க வேண்டும். ஷைனின் 124 சிசி அங்கே கைகொடுக்கும். பெல்லாரி சாலையில் ஐந்தாவது கியர் விழுந்ததும் இன்ஜின் சத்தம் தணிவது தனிச் சுகம்.

மைசூரு பக்கம் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல. 2023 ஆகஸ்ட் முதல் விரைவுச்சாலையின் பிரதான பாதையில் பைக்குக்கு அனுமதியில்லை, சர்வீஸ் ரோடுதான்.

விலையில் ஸ்ப்ளெண்டர் குறைவு. இருந்தும் நான் ஷைனைத்தான் எடுக்கிறேன். ஷோரூமில் டெஸ்ட் ரைடு போகும்போது, பின்னால் உட்காரப்போகிறவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள்.