வூயோவா, ப்ரூனியா? நீஸ் நகரம் தந்த இரண்டு டவுன்ஹில் வீரர்கள்

பிரான்சின் ஆண்கள் டவுன்ஹில்லில், அதாவது மலைச் சரிவில் சைக்கிளில் வேகமாக இறங்கும் பந்தயத்தில், யார் பெரியவர் என்று பேச்சு எழுந்தால், கடைசியில் மிஞ்சுவது இரண்டு பெயர்கள்: நிக்கோலா வூயோ, லோயிக் ப்ரூனி. இருவரும் நீஸில் பிறந்தவர்கள். முன்னவர் 1976, பின்னவர் 1994.

கணக்கை மட்டும் பார்த்தால் வூயோதான். எலைட் எனப்படும் உச்சப் பிரிவில் 7 உலக சாம்பியன்ஷிப் பட்டங்கள்: 1995 முதல் 1999 வரை தொடர்ந்து ஐந்து, பிறகு 2001, 2002. அதற்கு முன்பே ஜூனியரில் 3. ப்ரூனிக்கு எலைட்டில் 5 (2015, 2017, 2018, 2019, 2022), ஜூனியரில் 1. உலகக் கோப்பைத் தொடரின் ஒட்டுமொத்தப் பட்டம் வூயோவுக்கு 5. ப்ரூனிக்கு 2024 வரை 4.

இந்த இரண்டு பட்டங்களையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. உலகக் கோப்பையில் ஒரு சுற்றில் டயர் வெடித்தாலும் அடுத்த சுற்றுகளில் புள்ளிகளைத் தேற்றிக்கொள்ளலாம். உலக சாம்பியன்ஷிப்புக்கு வருடத்தில் ஒரே நாள், ஒரே ஓட்டம், சில நிமிடங்கள். ஒரு வளைவில் முன்சக்கரம் வழுக்கினால் அந்த ஆண்டு போச்சு. அப்படிப்பட்ட போட்டியில் தொடர்ந்து ஐந்து வருடம் ஜெயித்ததால்தான் வூயோவுக்கு 'ஏலியன்' என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பாவம், பிரிட்டிஷ் வீரர் ஸ்டீவ் பீட்! 2001, 2002 இரண்டிலும் வூயோவுக்குப் பின்னால் வெள்ளியோடு நின்றவர், தங்கத்துக்கு 2009 வரை காத்திருந்தார்.

ப்ரூனியும் இந்த ஒருநாள் அழுத்தத்துக்கென்றே பிறந்தவர் மாதிரிதான். 2015இல் அன்டோராவில் உலக சாம்பியன் ஆனபோது எலைட்டில் ஒரு உலகக் கோப்பைச் சுற்றுகூட ஜெயித்திருக்கவில்லை. அன்று ஓட்டியது லாப்பியர் வண்டி. அந்த நிறுவனத்துக்கு வண்டிகளைச் சோதித்து மேம்படுத்திக் கொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? வூயோவேதான்.

வண்டியில்தான் இரண்டு தலைமுறைக்கும் பெரிய வித்தியாசம். வூயோ காலத்தில் இரண்டும் 26 அங்குலச் சக்கரம். ப்ரூனி 2019இல் ஸ்லோவேனியாவின் மாரிபோரில் உலகக் கோப்பைச் சுற்றை ஜெயித்த ஸ்பெஷலைஸ்டு வண்டியில் முன்னால் 29, பின்னால் 27.5. பெரிய முன்சக்கரம் பள்ளத்தில் விழாமல் உருண்டு கடந்துவிடும். பின்னாலும் 29 இருந்தால், செங்குத்தான இறக்கத்தில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளும்போது டயர் பின்புறத்தில் உரசும். சிறியது என்றால் அந்தத் தொல்லை இல்லை, வளைவிலும் சட்டென்று திரும்பும். கலப்புச் சக்கரத்துக்கு விதி இடம் கொடுத்ததே அந்த ஆண்டுதான்.

புகழில் நிலைமை தலைகீழ். வூயோவைப் பத்திரிகையிலும் வீடியோ கேசட்டிலும் தேடிப் பார்த்தவர்கள் இத்துறையின் உள்வட்டத்தினர். பின்னர் அவர் கார் ராலிக்குப் போய், 2008இல் பெஜோ 207 ஓட்டி இன்டர்கான்டினென்டல் ராலி சேலஞ்சையும் ஜெயித்தது பலருக்குத் தெரியாது. ப்ரூனியின் ஓட்டங்களோ நேரலையில் உலகெங்கும் போகின்றன. 2022 உலக சாம்பியன்ஷிப்பில், பிரான்சின் லே ஜே மலையில், வெட்டும் பாகத்தைக் கழற்றிய செயின்சாக்களை உறுமவிட்டுக் கத்திய உள்ளூர்க் கூட்டத்தின் நடுவே இறங்கி வந்து முதலிடம் பிடித்தார். அமோரி பியரோன், லோரிஸ் வெர்ஜியே அடுத்த இரண்டு இடங்களில். மேடை முழுக்க பிரெஞ்சுக்காரர்கள்.

சாதனைக்கு என் ஓட்டு வூயோவுக்கு. லைன் எடுப்பதை, அதாவது பாதையில் எந்த வழியாக வண்டியை விடுவது என்று தேர்ந்தெடுப்பதை, பார்த்துக் கற்க வேண்டுமென்றால் ப்ரூனி: 2022 லே ஜே ஓட்டத்தை ஒலியை அணைத்துவிட்டு, வளைவுக்கு முன் அவர் பிரேக்கை எங்கே விடுகிறார் என்பதை மட்டும் பாருங்கள்.