ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி: பழைய சொல்லுக்கு எந்தப் பதிப்பு?

1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் லேவியராகமம் 2-ஆம் அதிகாரம் 'மீட் ஆஃபரிங்' பற்றிச் சொல்கிறது. இறைச்சிப் படையல் என்று எண்ணி வாசித்தால் மெல்லிய மாவும் எண்ணெயும் தூபவர்க்கமும்தான் வரும். இறைச்சி மருந்துக்கும் இல்லை. தமிழ் விவிலியம் அதைப் 'போஜனபலி' என்கிறது, அதுதான் சரி. அக்கால ஆங்கிலத்தில் 'மீட்' உணவுக்கே பொதுப்பெயர். தெரியாத சொல் வந்தால் யாரும் அகராதியைத் திறந்துவிடுவார்கள். தெரிந்த சொல்தான் காலை வாரிவிடும். அப்படிப்பட்ட சொல்லின் மறைந்த பொருளைப் பிடிக்க ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்கு இணையாக ஆங்கிலத்தில் வேறொன்று இல்லை. ஆனால் எந்தப் பதிப்பு கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பயனும் மாறும்.

பெரும்பாலான அகராதிகள் இன்றைய பொருளை முதலில் வைக்கும். இதில் பழைய பொருள் முதலில் வரும்; ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஆண்டு வரிசையில் மேற்கோள்கள். பொருளின் முன்னால் சிறு கத்தி போன்ற குறி இருந்தால் அது வழக்கிழந்தது. ஆண்டுக்கு முன்னால் 'ஏ' என்ற எழுத்து இருந்தால் அந்த ஆண்டுக்கு முன், 'சி' இருந்தால் ஏறத்தாழ அந்த ஆண்டு. முதல் மேற்கோளின் ஆண்டைச் சொல் பிறந்த ஆண்டாகக் கொள்வது பலரும் செய்யும் தவறு. அது இதுவரை கிடைத்தவற்றுள் பழைய எழுத்துச் சான்று, அவ்வளவே.

தேடும்போது முதலில் கவனிக்க வேண்டியது, ஒரே எழுத்துக்கூட்டலில் எத்தனை தலைச்சொற்கள், அதாவது தனித்தனிப் பதிவுகள், இருக்கின்றன என்பது. 'லெட்' என்ற வினையைப் பாருங்கள். விடு, அனுமதி என்ற பொருள் தரும் 'லெட்' ஒன்று. தடு என்ற பொருள் தரும் 'லெட்' இன்னொன்று. பழைய ஆங்கிலத்தில் இவை வேறு வேறு வினைகள், வடிவம் தேய்ந்து ஒன்றுபோல் ஆகிவிட்டன. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஆவியின் பின்னால் போகவிடாமல் நண்பர்கள் ஹாம்லெட்டைப் பிடித்து நிறுத்தும் காட்சியில் வருவது இரண்டாவது 'லெட்'. தன்னைத் தடுப்பவனையே ஆவியாக்கிவிடுவேன் என்று மிரட்டுகிறான். முதல் தலைச்சொல்லோடு நின்றுவிட்டால் அந்த வரி தலைகீழாகிவிடும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் வாசகத்தில் 'ஹிண்ட்ரன்ஸ்' என்ற சொல்லுக்குத் துணையாக இன்றும் இந்தத் தடுக்கும் 'லெட்' நிற்கிறது.

அடுத்தது ஆண்டு. 'நைஸ்' என்ற சொல் லத்தீனின் 'நெஸ்கியுஸ்', அதாவது அறியாதவன் என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 1300 வாக்கில் அறிவில்லாத என்று பொருள். பிறகு கூச்சமுள்ள, எளிதில் திருப்தியடையாத, நுணுக்கமான என்று கிளைத்து, 18-ஆம் நூற்றாண்டில்தான் இனிய என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. ஒரு பொருள் செத்த பிறகு அடுத்தது பிறந்ததாக நினைக்க வேண்டாம். 1600 வாக்கில் இவற்றுள் பல ஒரே நேரத்தில் புழங்கின. எனவே நூலின் ஆண்டைக் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டைத் தொட்டு நிற்கும் மேற்கோள்கள் உள்ள பொருள்களை மட்டும் பிரித்தெடுங்கள். அவற்றுள் எதன் மேற்கோள்களில் சொல் உங்கள் வரியில் உள்ளது போலவே அமைந்திருக்கிறது, பக்கத்தில் என்ன சொற்கள் நிற்கின்றன என்று ஒப்பிடுங்கள். விளக்கத்தைவிட மேற்கோளை நம்புவதே நல்லது. தொல்காப்பியத்தில் 'கிழவன்' என்று கண்டதும் முதியவரை நினைக்காமல் உரியவன், தலைவன் என்று கொள்கிறோமே, சூத்திரங்களை வரிசையாகப் படித்த பழக்கம்தானே அதற்குக் காரணம்?

'சில்லி'யில் வேறு வகைச் சிக்கல். அதன் வேர் பேறு பெற்ற, மகிழ்ச்சியான என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். அப்பாவி, இரங்கத்தக்கவர் என்று இறங்கி இறங்கி அறிவற்றவரில் முடிந்தது. ஆனால் 'சில்லி' என்ற தலைச்சொல்லில் மட்டும் தேடினால் அந்த மேலான பொருள் கிடைக்காது. அது 'சீலி' என்ற தனித் தலைச்சொல்லின் கீழ் இருக்கிறது. சொற்பிறப்புப் பகுதியைத் தாண்டிக் குதிப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். அகராதியின் மேல் குறை என்றால் இங்கே ஒன்று உண்டு: ஒரே சொல்லின் கதை இரண்டு இடத்தில் கிடக்கிறது.

இன்னொன்று குறையல்ல, வரம்பு. 1150-க்கு முன்பே வழக்கிழந்த சொற்களை இந்த அகராதி சேர்ப்பதில்லை. பேவுல்ஃப் போன்ற ஆங்கிலோ-சாக்சன் பாடலை வாசிப்பவருக்கு, பழைய ஆங்கிலத்துக்கென்றே உள்ள பாஸ்வொர்த்-டாலர் அகராதி வேண்டும். ஷேக்ஸ்பியர் மொழியைப் 'பழைய ஆங்கிலம்' என்று பேச்சில் சொன்னாலும் மொழியியலில் அது தொடக்க நவீன ஆங்கிலம். அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு முழுமையாகப் போதும்.

இனி பதிப்புகள். முதல் பகுதி 1884-இல் வந்து, வேலை 1928-இல் முடிந்தது. 1989-இன் இரண்டாம் பதிப்பு 20 தொகுதி, 21,730 பக்கம், சுமார் 24 லட்சம் மேற்கோள். பார்க்கக் கம்பீரம். ஆனால் உள்ளே பெரும்பகுதி முதல் பதிப்பின் உரையும் பிற்சேர்க்கைத் தொகுதிகளும் சேர்த்துக் கோத்தது. பல விளக்கங்கள் விக்டோரியா காலத்தில் எழுதப்பட்டவை, சொற்பிறப்புகளும் அப்படியே. மேற்கோள்கள் மட்டும் பழசாவதில்லை.

2000-இல் தொடங்கிய இணையப் பதிப்பில்தான் திருத்தம் நடக்கிறது. 'எம்' எழுத்திலிருந்து தொடங்கினார்கள். ஒரு சொல் கடைசியாக எந்த ஆண்டு திருத்தப்பட்டது என்ற குறிப்பு பதிவிலேயே உண்டு, அதைப் பார்த்த பிறகே மற்றதைப் படியுங்கள். 1989-இல் 430 பொருளோடு முன்னணியில் இருந்த 'செட்' வினையை, திருத்தத்தில் 'ரன்' 645 பொருளோடு முந்தியது. அச்சுப் பதிப்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கு இது ஒன்றே போதும். பிரிட்டனில் பல பொது நூலகங்களின் உறுப்பினர் அட்டை எண்ணைக் கொண்டே உள்ளே நுழையலாம். பழைய அச்சில் 'யூ'வும் 'வி'யும் இடம் மாறி நிற்கும். ஆகவே உள்ளபடி தட்டச்சு செய்து கிடைக்காவிட்டால் எழுத்தை மாற்றித் தேடுங்கள்.

வீட்டில் அச்சு வேண்டும் என்பவருக்கு இதன் சுருக்க வடிவமான, இரண்டு தொகுதி கொண்ட 'ஷார்ட்டர்' வசதி. 2007-இன் ஆறாம் பதிப்பு 1700-க்குப் பிந்தைய ஆங்கிலத்தோடு ஷேக்ஸ்பியர், மில்டன், கிங் ஜேம்ஸ் விவிலியச் சொற்களையும் தருகிறது. இழப்பு மேற்கோளில்தான்: மிகக் குறைவு. ஆண்டுக்குப் பதிலாக 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கம், நடு, இறுதி என்ற அளவில் குறியீடு மட்டும். முழு உரையும் வேண்டும், அலமாரி இல்லை என்றால் 'காம்பாக்ட்'. 1971-இல் வந்தது நான்கு பக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்கி இரண்டு தொகுதி. 1991-இல் வந்தது ஒன்பது பக்கத்தை ஒன்றாக்கி ஒரே தொகுதி. இரண்டுக்கும் பூதக்கண்ணாடி உடன் வரும். கண் தாங்க வேண்டுமானால் 1971-ஐத் தேடுங்கள். பழைய பிரதி வாங்கும்போது பெட்டியின் சிறு இழுப்பறையைத் திறந்து கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள்.

18-ஆம் நூற்றாண்டு நூல்களுக்கு சாமுவேல் ஜான்சன் தொகுத்த 1755 அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து மனிதர் அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொண்டார் என்பது அதில் நேரடியாக இருக்கிறது. மேற்கோளுக்கு ஆசிரியர் பெயர் உண்டு, ஆண்டு இல்லை. 'ஐ'யும் 'ஜே'யும் ஒரே வரிசையில் கலந்து வரும். 'எஸ்' பல இடங்களில் 'எஃப்' போல நீண்டு நிற்கும். குறுக்குக்கோடு வலப்பக்கம் வரை நீளாவிட்டால் அது 'எஸ்'.