லிட்டில் லீக்கா, டிராவல் டீமா? இரண்டு டிரையவுட்டையும் பார்த்த ஓர் அப்பாவின் கணக்கு

நியூஜெர்சியில் பிப்ரவரி என்றால் மைதானம் முழுக்கப் பனி. அதனால் எங்கள் ஊர் லிட்டில் லீக்கின் (பிள்ளைகளுக்கான உள்ளூர் பேஸ்பால் லீக்) டிரையவுட், அதாவது ஆடிக் காட்டும் தேர்வு, பள்ளிக்கூடத்து ஜிம்மில்தான் நடக்கும். என் பையனுக்கு அப்போது எட்டு வயது. முதுகில் ஊக்கு குத்திய காகிதத்தில் 47 என்று எண், கையில் புது கிளவ். அந்த கிளவை வாங்கியதே ஒரு கூத்து. பையன் வலது கைக்காரன் என்று வலது கையில் மாட்டுகிற கிளவை வாங்கி வந்துவிட்டேன். பேஸ்பாலில் எறிகிற கை காலியாக இருக்க வேண்டும், மற்ற கையில்தான் கிளவ். தெருவில் ரப்பர் பந்தை இரண்டு கையாலும் பிடித்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மறுநாள் கடைக்கு ஓடி மாற்றி வந்தேன்.

அதற்குப் பிறகு டிராவல் டீம் (பையன்களைப் பொறுக்கி எடுத்து, வெளியூர்ப் போட்டிகளுக்குக் கூட்டிப்போகிற தனி அணி) டிரையவுட்டுக்கும் போனோம், ஒரு வருஷம் அங்கே ஆடவும் வைத்தோம், இப்போது மறுபடி ஊர் லீக்குக்கே வந்துவிட்டோம். எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று இதிலேயே தெரிந்திருக்கும். இருந்தாலும் இரண்டும் எப்படி நடக்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ‘டிரையவுட்’ என்ற ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் சொல்கிறார்கள். நடப்பது ஒன்றல்ல.

பணம், அலைச்சல் பற்றி நீட்ட வேண்டாம். ஊர் லீக்குக்கு நாங்கள் கட்டியது 200 டாலருக்குள். டிராவலுக்கு அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் ஆனது. ஊர் லீக் மைதானம் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். டிராவலில் சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்குக் காரை எடுத்தால் பென்சில்வேனியாவில் போய்த்தான் நிற்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. கட்ட முடிகிறவர்கள் கட்டுகிறார்கள், ஓட்ட முடிகிறவர்கள் ஓட்டுகிறார்கள். நாங்களும் அந்தக் காரணத்துக்காகத் திரும்பி வரவில்லை.

முதலில் லிட்டில் லீக். 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் தொடங்கியது. ஒவ்வொரு லீக்குக்கும் வரைபடத்தில் ஓர் எல்லை உண்டு. அதற்குள் வீடோ பள்ளியோ இருக்க வேண்டும், அதற்குத் தாள்களும் காட்ட வேண்டும். டிரையவுட் என்று வாயில் சொன்னாலும் எங்கள் லீக் அனுப்பிய மெயிலில் ‘மதிப்பீடு’ என்றுதான் போட்டிருந்தார்கள். அதுதான் சரியான பெயர். எங்கள் லீக்கில் பணம் கட்டிப் பதிந்த பையனை வெளியே அனுப்புவதில்லை. எந்த அணி, எந்தப் பிரிவு என்பதுதான் கேள்வி. ஐந்து முதல் பதினொன்று வரை மைனர்ஸ், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மேஜர்ஸ். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடப்பதால், பத்து வயதுப் பையன் எதில் ஆடுவான் என்பதை இந்த ஒரு மணி நேரம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

அடுத்த முறை ஆள் போதவில்லை என்று என்னையும் மதிப்பெண் தாளோடு ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். நாலைந்து தரைப் பந்து, இரண்டு மூன்று உயரப் பந்து, முதல் பேஸுக்கு (அடித்தவன் முதலில் ஓடித் தொட வேண்டிய இடம்) எறிதல், ஓட்டம், கோச் போடுகிற பந்தை ஏழெட்டு முறை அடித்தல். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று புரிந்தது: பையன் பந்தை விட்டானா பிடித்தானா என்பதை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. பந்து வரும்போது கால் நகர்கிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறானா, எறியும்போது முழங்கை எங்கே இருக்கிறது, இதைத்தான் பார்க்கிறார்கள். நம் வீட்டுப் பையன்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அப்பாவோடு கிரிக்கெட் ஆடியதால் ஒரு குத்து விழுந்து போகிற மாதிரிதான் எறிவார்கள். கிரிக்கெட்டில் அது கீப்பருக்கு வசதி. இங்கே முதல் பேஸில் நிற்பவன் நெஞ்சுக்கு நேராகப் பறந்து வர வேண்டும். டிரையவுட்டுக்கு இரண்டு வாரம் முன்னால் இது ஒன்றைத் திருத்தினாலே போதும், ஒரு மதிப்பெண் கூடும்.

அப்புறம் டிராஃப்ட். அணிகளின் தலைமைக் கோச்சுகளான மேனேஜர்கள் மட்டும் ஓர் அறையில் உட்கார்ந்து, எண்ணைச் சொல்லிச் சொல்லிப் பையன்களை எடுக்கிறார்கள். முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் அடுத்த சுற்றில் முதலில் எடுப்பார், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து வரும். மேனேஜரின் சொந்தப் பிள்ளை அவருக்கே என்று ஒரு சுற்றில் குறித்து வைத்துவிடுவார்கள். அண்ணன் தம்பியைப் பிரிக்காமல் இருக்கவும் வழி உண்டு. எந்தப் பையன் எத்தனையாவது சுற்றில் போனான் என்பது அறையை விட்டு வெளியே வரக் கூடாது. எங்கள் ஊரில் அது வெளியே வந்ததே இல்லை, நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

டிராவல் டிரையவுட் இதற்கு நேர் எதிர்ப் பருவம். ஜூலை கடைசி, ஆகஸ்ட் வெயில், திறந்த மைதானம். வாசலில் ஒரு நீண்ட பாரத்தை நிரப்ப வேண்டும்: இப்போது எந்த அணி, எந்த எந்த இடத்தில் நிற்பான், பந்து போடுவானா, கேட்சரா (கிரிக்கெட் கீப்பர் மாதிரி). ஜிம்மில் நடந்ததேதான் இங்கேயும் நடக்கும், எல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில். மட்டையை விட்டுப் பந்து போகிற வேகத்தைக் கருவி வைத்துப் பார்க்கிறார்கள், போடுகிற பந்துக்கு ரேடார். இரண்டு நாளில் போன் அல்லது மெயில் வரும். வந்தால் இத்தனை மணி நேரத்துக்குள் முன்பணம் கட்டி இடத்தைப் பிடிக்க வேண்டும். வராவிட்டால் வராததுதான் பதில்.

அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பன்னிரண்டு இடத்துக்கு நாற்பது பையன்கள் வந்திருப்பார்கள். அதில் எட்டோ ஒன்பதோ போன வருஷத்துப் பையன்களுக்கும் கோச்சின் பிள்ளைக்கும் ஏற்கெனவே போயிருக்கும். மிச்சம் மூன்று, நாலு இடத்துக்குத்தான் உண்மையான போட்டி, அதிலும் தேடுவது பந்து போடுகிறவனையோ கேட்சரையோதான். நாங்கள் போன அணியில் ஒரு பையனை ஜூன் மாதமே தனியாகப் பயிற்சிக்குக் கூப்பிட்டுப் பார்த்து முடித்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இதைக் குற்றம் என்று சொல்லமாட்டேன், அவர்கள் அணி அவர்கள் இஷ்டம். ஆனால் பையன் எடுபடாமல் போனால் அவன் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இடமே இருந்திருக்காது.

வயதுக் கணக்கும் இடத்துக்கு இடம் வேறு. நாங்கள் பதிந்த காலத்தில் லிட்டில் லீக் ஆகஸ்ட் 31 அன்று என்ன வயதோ அதை எடுத்துக்கொண்டது. டிராவல் பக்கம் மே 1. என் பையன் ஜூலையில் பிறந்தவன். ஒரே வசந்த காலத்தில் ஊர் லீக் கணக்கில் அவனுக்குப் பத்து, டிராவல் கணக்கில் ஒன்பது. மே முதல் ஆகஸ்ட் வரை பிறந்த பிள்ளைகளுக்கு டிராவலில் இது பெரிய சலுகை. எங்கள் பையனுக்கு இடம் கிடைத்ததில் அந்த ஜூலைக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சரி, இடம் கிடைத்தது. வீட்டில் கேசரி எல்லாம் கிண்டினோம். எங்களைத் திருப்பி அனுப்பிய விஷயம் அதற்கப்புறம்தான் வந்தது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டிராவல் போட்டிகள் பெரும்பாலும் வார இறுதியில் நடக்கும். சனிக்கிழமை இரண்டு ஆட்டம், தர வரிசைக்காக. ஞாயிற்றுக்கிழமை நாக் அவுட், தோற்றால் வீட்டுக்கு. சனிக்கிழமை எல்லாப் பையன்களும் ஆடினார்கள், எல்லாரும் மட்டை பிடித்தார்கள். ஞாயிறு வந்தால் கோச் முகம் மாறிவிடும். சிறந்த ஒன்பது பேர் உள்ளே, மிச்சப் பேர் டக்அவுட் (ஆடாதவர்கள் உட்காரும் இடம்) கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்த வேண்டும். எல்லாப் பையனும் இவ்வளவு நேரம் ஆடியே ஆக வேண்டும் என்று எங்கள் அணியில் விதி எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்ட தாளிலேயே ‘ஆடும் நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை’ என்று இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

இதை முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. பேஸ்பால் பேன்ட் வெள்ளை. சனிக்கிழமை வருகிற பேன்ட்டில் முழங்காலெல்லாம் செம்மண். ஊற வைத்துத் தேய்த்தால்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை பேன்ட்டை எடுத்தால் கடையில் வாங்கிய மாதிரி இருக்கும். அதன்பிறகு நானும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அந்த வசந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்பது. அதில் அவன் களத்தில் நின்றது மொத்தம் ஐந்து இன்னிங்ஸ் (எதிரணியின் மூன்று அவுட்டோடு ஒன்று முடியும்), மட்டை பிடித்தது மூன்று முறை. ஒருநாள் திரும்பி வரும்போது காரில் கேட்டான்: “அப்பா, நான் இன்னைக்கு ஆடவே இல்லையே, டிரெஸ்ஸை எதுக்குத் துவைக்கப் போடணும்?” அழவில்லை, சும்மாதான் கேட்டான்.

லிட்டில் லீக்கில் இதற்கு எழுதி வைத்த விதி உண்டு. ஒவ்வொரு ஆட்டத்திலும் வந்திருக்கிற ஒவ்வொரு பையனும் குறைந்தது ஆறு அவுட் வரை களத்தில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது மட்டை பிடிக்க வேண்டும். ரொம்பப் பேர் வந்திருந்தால் மட்டும் இது குறையும். ஆட்டம் ஆறு இன்னிங்ஸ், அதாவது பதினெட்டு அவுட். மூன்றில் ஒரு பங்கு. பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் அதை மீறினால் அந்தப் பையன் அடுத்த ஆட்டத்தைத் தொடங்க வேண்டும், விட்டுப்போன அவுட்டையும் சேர்த்து ஆட வேண்டும். மேனேஜருக்கு முதல் முறை எழுத்தில் எச்சரிக்கை, இரண்டாம் முறை ஓர் ஆட்டம் தடை, மூன்றாம் முறை அந்தப் பருவம் முழுக்கத் தடை. ஸ்கோர் எழுதுகிற அம்மா, “பதினொன்றாம் எண் இன்னும் உள்ளே போகவில்லை” என்று நாலாவது இன்னிங்ஸில் எழுந்து நின்றால், எந்தப் பெரிய கோச்சும் வாயைத் திறக்க மாட்டார். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டிரையவுட்டைப் பற்றிப் பேசும்போது ஏன் இதை இழுக்கிறேன் என்றால், டிராவலில் டிரையவுட் ஆகஸ்டோடு முடிவதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு டிரையவுட்தான், அதற்குப் பணம் கட்டியிருப்பது நாம். ஊர் லீக்கில் அந்த ஒரு மணி நேரத்தோடு முடிந்தது. அதில் சொதப்பிக் கடைசிச் சுற்றில் போனாலும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் களத்தின் வலது கோடியில், ரைட் ஃபீல்டில், அவனுக்கு இரண்டு இன்னிங்ஸ் உண்டு. ஒன்பது வயதில் உயரப் பந்து பிடிக்கக் கற்பது அந்த இரண்டு இன்னிங்ஸில்தான், கம்பியைப் பிடித்துக் கத்துவதில் இல்லை.

டிராவலின் நல்லதையும் சொல்லாவிட்டால் அநியாயம். அந்த ஒரு வருஷத்தில் அவன் கை பலப்பட்டது அங்கேதான். டிசம்பரில்கூட வலைக்குள் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவர் கல்லூரியில் ஆடியவர். ஊர் லீக்கில் கோச் என்பவர் அடுத்த தெரு அப்பா. மைனர்ஸில் சில ஆட்டங்களில் பந்து போடுகிறவன் தப்பான பந்துகளாகப் போட்டு, வரிசையாக நாலு பேரை அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்க விடுவான், பின்னால் நிற்கிற பிள்ளைகள் புல் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். பொறுமை வேண்டும். உங்கள் பையன் அந்த அணியின் முதல் ஐந்தில் வருவான் என்றால், அதுவும் பந்து போடுகிறவனோ கேட்சரோ என்றால், நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினை அவனுக்குக் கிடையாது. தாராளமாகப் போங்கள். ஆனால் எத்தனை பந்து போடுகிறான் என்று நீங்களே எண்ணுங்கள். லிட்டில் லீக்கில் ஒன்பது, பத்து வயதுக்கு ஒரு நாளைக்கு 75 பந்துதான், 66 பந்தோ அதற்கு மேலோ போட்டால் நாலு நாள் ஓய்வு. நாங்கள் போன டிராவல் போட்டிகளில் இன்னிங்ஸ் கணக்கை மட்டும்தான் பார்த்தார்கள்.

பெரிய மைதானத்துக்குப் போகிற வயதில் என் கணக்கு தலைகீழாகவும் மாறலாம். என் பையன் இன்னும் பேஸுக்கு பேஸ் 60 அடி இருக்கிற சின்ன மைதானத்தில்தான் ஓடுகிறான். நான் முழுதாகப் பார்த்த டிராவல் அணியும் ஒன்றே ஒன்றுதான். எல்லாரையும் சமமாக ஆட வைக்கிற அணிகளும் இருப்பதாகச் சொல்கிறார்கள், நம்புகிறேன்.

திரும்பி வந்ததில் ஒரே நஷ்டம், மட்டை. டிராவலுக்காக 250 டாலருக்கு வாங்கியதில் டிராவல் போட்டிகளில் செல்லும் யு-ட்ரிபிள்-எஸ்-ஏ (USSSA) என்ற அமைப்பின் முத்திரை. லிட்டில் லீக் 2018 முதல் யுஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை உள்ள மட்டையைத்தான் அனுமதிக்கிறது. கராஜில் கிடந்தது. போன வாரம் மூன்று வீடு தள்ளியிருக்கும் மதுரைக்காரத் தம்பி வந்தார். “அண்ணா, ஆகஸ்ட்ல டிராவல் டிரையவுட்டுக்குப் பையனைக் கூட்டிட்டுப் போறேன், என்ன கேக்கணும்?” என்றார். “ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துல பன்னிரண்டாவது பையன் எத்தனை இன்னிங்ஸ் நிப்பான்னு கேளுங்க, அது போதும்” என்றேன். மட்டையையும் கொடுத்துவிட்டேன். கிளவ் எந்தக் கைக்கு வாங்கியிருக்கிறார் என்று கேட்க நினைத்து மறந்துபோய், ராத்திரி போன் செய்தேன். வலது கைக்குத்தான் வாங்கி வைத்திருந்தார்.