ஏற்காடு தளத்துக்கு ஸ்டைல்: ரன்டைமா, பில்ட் டைமா?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. ஏற்காட்டில் காபி எஸ்டேட்டுக்குள் அறைகளை வாடகைக்கு விடும் ஒருவருக்கு முன்பதிவுத் தளம் செய்து கொடுத்திருந்தோம். தளம் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் மேல் கட்டிய நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில், ஸ்டைலுக்கு (நிறம், அளவு மாதிரியான தோற்றத்துக்கு) ஸ்டைல்டு காம்பொனென்ட்ஸ் என்ற ரன்டைம் லைப்ரரி. போன வருஷம் ஸ்டைல் பகுதியை மட்டும் வனிலா எக்ஸ்ட்ராக்ட் என்ற பில்ட் டைம் லைப்ரரிக்கு மாற்றினோம். ஆக, நான் பில்ட் டைம் பக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வித்தியாசம் தெரிந்ததுதான். ரன்டைம் முறையில் பயனரின் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும்போது சிஎஸ்எஸ், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோட், உருவாகிறது. பில்ட் டைமில், அதாவது தளத்தை வெளியிடத் தயாரிக்கும்போதே, அது நம் மெஷினிலேயே ஃபைலாகி முடிந்துவிடுகிறது.

எழுதுவதற்கு ரன்டைம் சுகம். காம்பொனென்டுக்கு (பக்கத்தின் ஒரு துண்டுக்கு) அனுப்பும் மதிப்புகளான ப்ராப்ஸைப் பார்த்து அந்த இடத்திலேயே நிறத்தை மாற்றலாம். அந்தச் சுகம்தான் எங்களைக் கெடுத்தது. வாடகை வரம்பு ஸ்லைடரில், இழுக்கும் அகலத்தை ப்ராப்பாக அனுப்பியிருந்தோம். ஒவ்வொரு அகலத்துக்கும் ஒரு புது கிளாஸ், அதாவது பெயரிட்ட ஒரு ஸ்டைல் தொகுப்பு! 200 கிளாஸைத் தாண்டினால் பிரவுசரில் டெவலப்பருக்கான செய்திகள் வரும் கன்சோலில் எச்சரிக்கை வரும். நாங்கள்தான் கன்சோலைப் பார்க்காமல் மாதக்கணக்கில் ஓட்டினோம். வனிலா எக்ஸ்ட்ராக்டில் இப்படி எழுத வழியே இல்லை. அகலத்தை சிஎஸ்எஸ் வேரியபிளாக வைத்து, மதிப்பை மட்டும் இன்லைனில் மாற்ற வேண்டும்.

வேகத்தைப் பற்றி நீட்டவில்லை. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும். அங்கே ஒரு பழைய போனில் திறந்து பார்த்ததில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் அதே சமயத்தில் படங்களையும் சுருக்கியிருந்தோம். எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. எஸ்டேட்காரர் வருஷத்துக்கு ஒரு தொகை தருவார், எல்லா அப்கிரேடும் அதற்குள் முடிய வேண்டும். ரன்டைம் லைப்ரரியோ ரியாக்ட் பக்கத்தை வரைவதற்கு (ரெண்டர் செய்வதற்கு) நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ரியாக்ட் அசைந்தால் அதுவும் அசைய வேண்டும். 2022இல் ரியாக்ட் 18 வந்தபோது இந்த மாதிரி லைப்ரரிகளுக்காகவே யூஸ்இன்செர்ஷன்எஃபெக்ட் என்று தனி ஹூக் (ரியாக்டின் வசதியைப் பயன்படுத்த உதவும் ஃபங்க்ஷன்) வந்தது. அப்புறம் சர்வரிலேயே ஓடி முடியும் சர்வர் காம்பொனென்ட். ஒரு மதிப்பைப் பல காம்பொனென்டுகளுக்குப் பகிரும் கான்டெக்ஸ்ட் அதற்குள் வேலை செய்யாது. தீம் நிறங்களை கான்டெக்ஸ்ட் வழியாகவே அனுப்பிப் பழகிய நாங்கள் ஃபைலுக்கு ஃபைல் ‘யூஸ் கிளையன்ட்’ (இது பிரவுசரிலும் ஓட வேண்டும் என்ற குறிப்பு) எழுதிக்கொண்டிருந்தோம். 2025 மார்ச்சில் ஸ்டைல்டு காம்பொனென்ட்ஸ் பராமரிப்பு நிலைக்குப் (பெரிய புது வசதிகள் இல்லை, பழுது பார்ப்பது மட்டும்) போகிறது, புது ப்ராஜெக்டுகளுக்குப் பரிந்துரைக்கவில்லை என்று அதைப் பராமரிப்பவரே அறிவித்தார். சரி, போதும் என்று முடிவு செய்தோம்.

பில்ட் டைமிலும் தலைவலி உண்டு. ஃபைல்களைச் சேர்த்துக் கட்டும் பண்ட்லருக்கு ஒரு ப்ளகின் (துணை நிரல்) வேண்டும். பண்ட்லரை மாற்றினால் ப்ளகின் ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும். ஆனால் அது உடைந்தால் என் மேஜையில் பில்ட் நின்றுபோகும், அவ்வளவுதான். சர்வரில் ஏற்கெனவே இருக்கும் சிஎஸ்எஸ் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. எஸ்டேட்காரர் ராத்திரி போன் போட்டு, “தம்பி, புக்கிங் பட்டனைக் காணோமே” என்று கேட்க மாட்டார்.

ரெடிமேட் கிளாஸ்களைத் தரும் டெயில்விண்டும் பில்ட் டைம் வகைதான். செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடை ஒன்றின் ஒற்றைப் பக்கத்துக்கு மட்டும் தொட்டோம். வேலை சீக்கிரம் முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து அதைத் திறந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல எங்களுக்கு அனுபவம் போதாது. பயனரே நிறம், எழுத்து எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளும் டிசைன் எடிட்டர் மாதிரியான வேலைக்கு ரன்டைம் பொருந்தலாம். நாங்கள் அப்படி எதுவும் செய்ததில்லை.

ஏற்காடு தளத்தின் அட்மின் பக்கம் மட்டும் இன்னும் பழைய ஸ்டைல்டு காம்பொனென்ட்ஸில்தான் ஓடுகிறது. அதைப் பார்ப்பது இரண்டே பேர். மே மாதக் கோடை விழாக் கூட்டம் ஓயும்வரை அதில் கை வைக்கப்போவதில்லை.