பெட் ராக் இழைப்புளி வாங்கப் போகிறீர்களா? கழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

போன வாரம் நியூ ஜெர்சியிலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் கூப்பிட்டார். "அண்ணா, ஸ்டான்லி பெட் ராக் ஒண்ணு கிடைக்குது. 380 டாலர் சொல்றாங்க. எல்லாமே ஒரிஜினலாம். வாங்கிடவா?" என்று கேட்டுவிட்டுப் படம் அனுப்பினார். கன்னங்கரேலென்று பளபளக்கும் இழைப்புளி, மரத்தைச் சீவி வழவழப்பாக்குகிற கருவி. அதற்கு அடியில் விரித்திருந்த பச்சைத் துணியைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே துணி, அதே கறுப்பு. எட்டு மாதம் முன்பு என்னிடம் 340 டாலர் வாங்கிக்கொண்ட அதே ஆள்.

அவமானமாக இருந்ததால் இதுவரை வெளியே சொல்லாமல் இருந்தேன். அடுத்தது இந்தத் தம்பி என்று ஆனபிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. அமெரிக்காவில் கராஜில் மரவேலை பழகும் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள், பழைய கருவிகளைத் தேடி அலைகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது கனெக்டிகட்டில், ஹார்ட்ஃபோர்டு பக்கம். காரில் இருபது நிமிடம் போனால் நியூ பிரிட்டன் வந்துவிடும். ஸ்டான்லி கருவிகள் பிறந்த ஊர். 'ஹார்ட்வேர் சிட்டி' என்றுதான் அந்த ஊருக்கே பட்டப்பெயர். 1869-ல் லெனார்ட் பெய்லி என்பவரின் காப்புரிமைகளை வாங்கி ஸ்டான்லி செய்ய ஆரம்பித்த இரும்பு இழைப்புளிகள்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க நகலெடுக்கப்படுகின்றன. அந்த 'பெய்லி' வரிசையில் ஐந்தாம் நம்பர் இங்கே பழைய பொருள் சந்தைகளில் மலிவாகவே கிடைக்கும். என்னிடமே மூன்று இருக்கின்றன.

பெட் ராக் அதைவிட ஒரு படி மேல். 1895-ல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு அது. பிளேடு சாய்ந்து படுக்கிற இரும்புத் தாங்கிக்கு 'ஃப்ராக்' என்று பெயர். சாதாரண பெய்லியில் அது உடம்பின் மேல் சில இடங்களில் மட்டுமே தொட்டு உட்காரும். பெட் ராக்கில் அடிமுழுக்கத் தட்டையாகக் கடைந்த பரப்பில் அப்படியே பொருந்தி உட்காரும். கெட்டியான மரத்தில் ஓட்டும்போது பிளேடு அதிராது. பெய்லியின் ஐந்தாம் நம்பருக்கு இணையானது இதில் 605, நான்காம் நம்பருக்கு 604. பக்கச் சுவரின் மேல் விளிம்பு வளைந்து இறங்காமல் தட்டையாக வெட்டியதுபோல் இருந்தால், அது 1911 வாக்கிலிருந்து வந்த மாடல். இரண்டாம் உலகப்போர் காலத்தோடு உற்பத்தி நின்றுவிட்டது. மேய்ன் மாநிலத்தில் லீ நீல்சன் கம்பெனி இன்று செய்கிற விலை உயர்ந்த இழைப்புளிகளும் இந்த பெட் ராக் வடிவத்தைப் பின்பற்றியவைதான். அதனால் பழைய பெட் ராக்குக்கும் விலை ஏறிவிட்டது. விலை ஏறிய இடத்துக்கு ஏமாற்றுகிறவர்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பழைய பொருள் சந்தை, காலை ஏழு மணி, லேசான மழை, கூடாரத்துக்குள் வெளிச்சம் குறைவு. விற்றவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், பேச்சு அவ்வளவு இதமாக இருந்தது. தன் தாத்தா நியூ பிரிட்டன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்றும், 1912-ல் அவர் கையாலேயே வாங்கி வந்த 605 இது என்றும் சொன்னார். கையில் எடுத்துப் பார்த்தேன். உடம்பில் 605 என்று வார்ப்பிலேயே இருந்தது. பிளேடை வெளியே எடுக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம், அது சரியாக செட் ஆகி இருக்கிறது. கழற்றினால் கெட்டுப்போகும்" என்றார். நானும் தலையாட்டினேன். இழைப்புளி என்பதே தினமும் கழற்றித் தீட்டி மாட்டுகிற கருவி. கழற்றினால் எப்படிக் கெடும்? நாலு வருடமாக மரவேலை செய்கிறவன் நான், அந்தக் கேள்வி எனக்கு ஏன் அப்போது தோன்றவில்லை என்று இன்றுவரை மனம் ஆறவில்லை. தாத்தா கதையில் மயங்கிவிட்டேன். எண்ணி 340 டாலர் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுத்தாளில் 'பழைய கருவி, ஆஸ் ஈஸ்' என்று எழுதிக் கொடுத்தார். இருக்கிற நிலையில் வாங்கிக்கொள், பிறகு வந்து கேட்காதே என்று அதற்கு அர்த்தம்.

வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

முதலில் லீவர் கேப். பிளேடை அழுத்திப் பிடிக்கிற நிக்கல் முலாம் பூசிய மூடி அது. அதன் நடுவில் உள்ள திருகு துளை சாவித்துவாரம் போல இருந்தால் பழையது. சிறுநீரக வடிவில் வளைந்திருந்தால் 1933-க்குப் பிறகு வந்தது. என்னுடையது வளைந்திருந்தது. 1912-ல் தாத்தா வாங்கியதில் 1933-ன் மூடி எப்படி வரும்? அடுத்து பிளேடு. அதில் இதயக்குறியும் அதற்குள் எஸ், டபிள்யூ எழுத்துகளும் இருந்தன. ஸ்டான்லி ஒர்க்ஸ் நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய வில்லியம் ஹார்ட் என்பவரின் நினைவாக வந்த இதயம் அது. ஸ்டான்லி ஒர்க்ஸும் ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் கம்பெனியும் 1920-ல் ஒன்றான காலத்தைச் சேர்ந்த முத்திரை, 1912-ல் இருக்க வாய்ப்பே இல்லை. அதோடு அந்த பிளேடைத் தீட்டித் தீட்டித் தேய்த்திருந்தார்கள். நடுத்துளைக்குக் கீழே அரை அங்குலம்கூட மிச்சமில்லை.

சரி, பாகங்கள் மாறியிருக்கின்றன, நூறு வருடப் பொருளில் அது சகஜம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் ஃப்ராக்கைக் கழற்றினேன்.

1911 வாக்கிலிருந்து வந்த பெட் ராக்கில் ஃப்ராக்கை உடம்போடு இறுக்குவது சாதாரணத் திருகு இல்லை. இரண்டு சிறிய பின்கள் மேலிருந்து இறங்கும். அவற்றில் சின்னக் குழி இருக்கும். பின்னாலிருந்து கூர்முனைத் திருகு வந்து அந்தக் குழியில் அழுந்தும்போது பின் கீழே இழுபட்டு ஃப்ராக் இறுகும். அந்தப் பின்கள்தான் அந்த மாடலின் உயிர்நாடி. என்னுடையதில் பின்களே இல்லை. அவற்றுக்குப் பதிலாக இரண்டு ஆணித் துண்டுகள். ரம்பத்தால் அறுத்து, ஒரு பக்கம் அரத்தால் லேசாகப் பள்ளம் போட்டிருந்தார்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது அறுத்த முனையில் பிசிறுகூட எடுக்காமல் இருந்தது தெரிந்தது.

ஃப்ராக் உட்காரும் தட்டைப் பரப்பும் கறுப்பாக இருந்தது. அது கறுப்பாக இருக்கவே கூடாது. தொழிற்சாலையில் வார்ப்புக்குக் கறுப்புப் பூச்சு கொடுத்து, அதற்குப் பிறகுதான் அந்தப் பரப்பைக் கடைவார்கள். அங்கே வெறும் இரும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும். அந்தப் பழைய பூச்சுக்கு ஜப்பானிங் என்று பெயர். தாரை அடிப்படையாக வைத்துச் செய்த கலவையைப் பூசி அடுப்பில் சுட்டெடுப்பது. கை வைத்தால் ஒட்டாது, நகத்துக்கு எளிதில் உரியாது. நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்து ஓரமாகத் துடைத்தேன். பஞ்சு முழுக்கக் கறுப்பு. கடையில் விற்கிற ஸ்ப்ரே பெயிண்ட்.

இடது பக்கச் சுவரில், பிளேடு வெளியே வருகிற வாய்க்கு நேர் மேலே, துடைக்கத் துடைக்க முடி போல ஒரு மஞ்சள் கோடு வெளியே வந்தது. வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் வளையாது, விரிசல்தான் விடும். இது எப்போதோ விழுந்து விரிந்திருக்கிறது. பித்தளையை உருக்கிப் பற்றவைத்து, அரத்தால் ராவி, மேலே பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள்.

மறுநாள் எங்கள் மரவேலைக் குழுவில் உள்ள ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். நாற்பது வருடம் அச்சு செய்கிற பட்டறையில் இருந்தவர். எல்லாப் பாகத்தையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் உடம்பை ஒரு விரலில் தொங்கவிட்டு, மரக்கட்டையால் மெதுவாகத் தட்டினார். பக்கத்தில் தன்னுடைய 605-ஐயும் அதேபோல் தட்டினார். அவருடையது மணி மாதிரி நீளமாக ஒலித்தது. என்னுடையது 'டொக்' என்று அங்கேயே நின்றுவிட்டது. சந்தையில் மண்பானை வாங்கும்போது எங்கள் அம்மா விரல்முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார், விரிசல் விட்ட பானை இப்படித்தான் சொல்லும். அந்தச் சத்தத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டவன்தான் நானும்.

கைப்பிடியையும் அவர்தான் காட்டிக்கொடுத்தார். அந்தக் காலத்து ஸ்டான்லி கைப்பிடிகள் பிரேசில் ரோஸ்வுட்டில் செய்தவை. நம் ஊர் ஈட்டி மரத்துக்கு உறவு. லேசாகத் தேய்த்தாலே இனிப்பாக ஒரு வாசனை வரும். என்னுடையது வேறேதோ மரத்துக்குச் சாயம் பூசியது. அதைப் பிடித்திருந்த போல்ட்டும் வேறு. ஸ்டான்லி தனக்கென்று 12-20 என்ற மரை வைத்திருந்தது. விட்டம் 0.216 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 20 மரை. இன்றைய கடைகளில் சாதாரணமாகக் கிடைக்காது. இவர்கள் அந்தத் துளையைப் பெரிதாக்கிக் கால் அங்குல போல்ட்டுக்கு மரை போட்டுவிட்டார்கள். இனி ஒரிஜினல் போல்ட் கிடைத்தாலும் அதில் நிற்காது. எனக்கு அதிகம் வலித்தது அதுதான். பெயிண்டைத் துடைத்துவிடலாம், பின்களைத் தேடி வாங்கலாம், வெட்டி எறிந்த மரை திரும்பி வராது. "பாகமாகப் பிரித்து விற்றால் 70 டாலர் தேறும்" என்றார் பெரியவர்.

அடுத்த ஞாயிறு திரும்பப் போய்க் கேட்டேன். ஆணித் துண்டுகளைக் காட்டினேன். அவர் முகம் மாறவே இல்லை. ரசீதைப் பார் என்றார். பழைய கருவி என்றுதானே எழுதியிருக்கிறது, பெட் ராக் என்றோ 1912 என்றோ எங்கே எழுதினேன் என்று கேட்டார். தாத்தா வாங்கியது என்றீர்களே என்றதற்கு, பக்கத்தில் வந்து நின்ற இன்னொருவரிடம் திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டார். ரொக்கம் கொடுத்ததால் கார்டு கம்பெனியிடமும் போக முடியவில்லை.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லிவிட்டு, ஃப்ராக்கைக் கழற்றி வைத்து, அது உட்காரும் இடத்தையும் இரண்டு பின்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். நேர்மையான வியாபாரி இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார். நான் பிறகு வாங்கியவர்கள் எல்லோரும், கேட்பதற்கு முன்பே திருப்புளியை எடுத்துக் கழற்றிக் காட்டியவர்கள்தான், விரிசல் இருந்தால் அவர்களே விரல் வைத்துக் காட்டிவிடுவார்கள். இந்த ஆளிடமிருந்து தம்பிக்கு வந்த பதில்: "கழற்ற வேண்டாம், சரியாக செட் ஆகி இருக்கிறது." எனக்குச் சொன்ன அதே வாக்கியம். தம்பி வாங்கவில்லை.

நீங்கள் போகும்போது ஒரு திருப்புளி, ஒரு சின்ன டார்ச், கொஞ்சம் பஞ்சு எடுத்துப் போங்கள். புதிதாகக் கறுப்பு அடித்த எதையும் சந்தேகத்தோடு பாருங்கள். துருவும் அழுக்கும் உண்மையைத்தான் காட்டும், பெயிண்ட்தான் மறைக்கும். சாதாரண பெய்லி வாங்குகிறவர்களுக்கு இன்னும் எளிது. ஃப்ராக்குக்குப் பின்னால் உடம்பில் காப்புரிமைத் தேதிகள் வார்ப்பில் இருக்கும். மார்ச் 25, 02, ஆகஸ்ட் 19, 02, ஏப்ரல் 19, 10 என மூன்றும் இருந்தால் சுமார் 1910 முதல் 1918 வரை செய்தது.  வெறும் ஏப்ரல் 19, 10 என்றால் 1920களின் பிற்பகுதி. விற்பவர் சொல்கிற வருடத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், பிளேடின் முத்திரையையும் லீவர் கேப்பின் துளையையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் மூன்று காலத்தைச் சொன்னால் அது பல இழைப்புளிகளிலிருந்து சேர்த்தது. வேலைக்கு அது போதும், ஆனால் ஒரிஜினல் விலை கொடுக்காதீர்கள். அவர் வாயால் சொல்கிற மாடல் நம்பரையும் வருடத்தையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

இதே மாதிரி ரம்பத்திலும் நடக்கிறது. கைப்பிடிப் பொத்தானில் 'வாரண்டட் சுப்பீரியர்' என்று மட்டும் எழுதியதை, பிலடெல்பியா டிஸ்டனின் முதல் தரம் என்று சொல்லி விற்கிறார்கள். அந்தப் பொத்தானைப் பல கம்பெனிகள் பயன்படுத்தின, பெரும்பாலும் இரண்டாம் தரச் சரக்கில். டிஸ்டன் தன் நல்ல ரம்பங்களில் தன் பெயரையே போட்டுக்கொண்டது.

என் 605 இப்போது அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஸ்ப்ரே பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டேன், மஞ்சள் கோடு நன்றாகத் தெரிகிறது. விற்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள், மனம் ஒப்பவில்லை. ஆனால் எனக்குப் பிறகு அது யார் கைக்காவது போகத்தான் செய்யும். அதனால் ஒரு தகரத் துண்டில் ஆணியால் கீறி ஃப்ராக்குக்கு அடியில் வைத்திருக்கிறேன்: இடது சுவரில் விரிசல், பித்தளைப் பற்று, பின்கள் ஒரிஜினல் இல்லை, பிளேடும் மூடியும் வேறு, கைப்பிடி மரை மாற்றியது. கழற்றிப் பார்க்கிறவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.